நாகேஸ்வரியின் நிப்பு

ஈரோட்டில் பாதிப்பேர் அர்த்தநாரி டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டியவர்கள்தான். பல் டாக்டர், வயது அறுபத்திரண்டு. பல்லுக்கு அடுத்தபடி அவருக்கு உயிர் என்றால் அது பேனா.

சாதாப் பேனா இல்லை. கேட்டால் மயக்கம் வருகிற விலையில் மைப்பேனாக்கள், மொத்தம் நாற்பத்து மூன்று. மயிரிழையாக எழுதும் நிப்பு, பட்டையாக எழுதும் நிப்பு, முனையைச் சாய்வாக வெட்டிய நிப்பு, அழுத்தினால் விரிந்துகொடுக்கும் நிப்பு என்று வகைக்குச் சில. ஒவ்வொன்றிலும் எழுதிப் பார்ப்பார், சிரிப்பார், பிறகு படம் எடுப்பார்.

படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவள் மேகலை. கடைகளுக்காக நகை, புடவை, மஞ்சள்தூள் பாக்கெட் எல்லாம் படம் எடுத்துக் கொடுப்பவள். வயது முப்பத்தாறுதான். ஆனாலும் டாக்டர் அவளைக் "குருவே" என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

அன்று மேகலையின் ஸ்டூடியோவுக்குள் நுழையும்போதே டாக்டர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"குருவே, ஒரே பேனாவை நாலு தடவை எடுத்து அனுப்பிட்டேன். நாலு தடவையும் இது அம்மா பேனா இல்லைங்கறா என் மக. எங்கே தப்பு? வெளிச்சமா? லென்ஸா?"

அவர் மனைவி நாகேஸ்வரி போய்ப் பதினோரு மாதம். வருகிற மாதம் வருஷத் திதி. புனேயில் வேலை பார்க்கும் மகள் இனியா அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அம்மாவின் பேனாவை அவரே வைத்துக்கொள்ளட்டும், ஒரு படம் மட்டும் போதும். சட்டம் போட்டு மேஜைக்கு எதிரே மாட்டிக்கொள்வாளாம்.

"உங்க பேனாவுல ஒண்ணை எடுத்து அனுப்பி என்னை ஏமாத்தறீங்கன்னு சொல்லிட்டா. நாலு நாளா போனை எடுக்கறதில்ல. அவளும் இல்லைன்னா எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க?"

மேகலை படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெளிச்சத்தில் குறையில்லை. லென்ஸிலும் குறையில்லை.

"பேனாவைக் குடுங்க டாக்டர்."

வாங்கி, கேமராவுக்கு முன்னால் வைத்து, நிப்பின் முனையை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். முனை உருண்டையாக, பளபளவென்று இருந்தது.

"எத்தனை வருசம் எழுதுனாங்க?"

"இருபத்தாறு. இனியா பிறந்தப்ப நான் வாங்கிக் கொடுத்தது. காலேஜ்ல பாடம் எடுக்கற குறிப்பெல்லாம் இதுலதான் எழுதுவா."

"புதுசாட்டமா இருக்குதே."

டாக்டர் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. "நான்தான் சரி பண்ணினேன். அவ போன பிறகு ஒரு நாள், இதுல அவ பேரை எழுதிப் பாப்போம்னு எடுத்தேன். கரகரன்னு காகிதத்தைக் கீறுது. பாத்தா முனை ஒரு பக்கமாத் தேஞ்சுகிடக்கு. மனசு கேக்கல. பல்லுக்கு மெருகு போடற தாளை வச்சு ரெண்டு நாள் உக்காந்து என் கைக்குத் தகுந்த மாதிரி தேய்ச்சேன். இப்ப வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது."

"அவங்களுக்குக் கீறுச்சுங்களா?"

"அது தெரியலை. அவ இருந்தப்பவே சரி பண்ணித் தரேன்னு எத்தனையோ தடவை கேட்டேன். கிட்டவே விடமாட்டா. 'உங்களுக்கு அத்தனை பேனா இருக்குதில்ல, இதுல கை வைக்காதீங்க'ன்னு பிடுங்கிக்குவா."

மேகலை ஒரு காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அவங்க எப்படிப் புடிப்பாங்க?"

"அவளுக்கு நொட்டாங்கைப் பழக்கமாச்சே."

"புடிச்சுக் காட்டுங்க."

டாக்டர் பேனாவை இடது கைக்கு மாற்றினார். மணிக்கட்டை உள்பக்கம் வளைத்து, பேனாவை அவள் சாய்க்கிற மாதிரியே சாய்த்துக்கொண்டார். ஒரு பிள்ளையார் சுழி போட்டார். அதற்குக் கீழே 'நா' என்று எழுதினார். நிப்பு கர்ரென்று கீறிக்கொண்டு போனது. மை பாதியில் நின்றுவிட்டது.

"கீறுதே," என்றார்.

மறுபடி எழுதினார். மறுபடியும் கீறியது. மூன்றாவது தடவை எழுதப்போன கை அப்படியே நின்றது.

இருபத்தாறு வருஷம் அந்தக் கையின் சாய்வுக்குத் தேய்ந்து கொடுத்த முனை. அவளுக்கு அது ஒரு நாளும் கீறியிருக்காது. கீறியதெல்லாம் இவர் கைக்குத்தான். இனியா படத்தில் தேடியதும் அந்தத் தேய்மானத்தைத்தான்.

"ஐயோ, நாகு," என்றார் டாக்டர். ஊருக்கே பல்வலி தீர்த்த மனிதர், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதார். மேகலை தடுக்கவில்லை. அவர் பாட்டுக்கு அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்சம் அடங்கியதும் அவசரமாக நிமிர்ந்தார்.

"பழையபடி ஆக்கிடறேன் குருவே. எங்கிட்ட எல்லாக் கருவியும் இருக்கு. அதே சாய்வுக்குத் தேய்ச்சுட்டா போதும்."

"எவ்வளவு சாய்வுங்க?"

டாக்டர் நிப்பை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உருண்டைதான் தெரிந்தது.

"தேய்க்கறதுக்கு முந்தி ஒரு படமாவது எடுத்தீங்களா?"

"தேஞ்ச நிப்பை யாரும்மா படம் எடுப்பாங்க? சரி பண்ணிட்டு எடுக்கலாம்னு இருந்தேன்."

தன் பேனா நாற்பத்து மூன்றையும் எந்தப் பக்கம் எந்த வளைவு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியவர். கட்டில் பக்கத்து மேஜையில் அத்தனை வருஷம் கிடந்த ஒன்றை அவர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

"இப்ப இனியாவுக்கு நான் எதை அனுப்பட்டும்?"

"செஞ்சதை எழுதுங்க. இந்தப் பேனாவுலயே எழுதுங்க. அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பலாம்."

"தெரிஞ்சா அவ ஜென்மத்துக்கும் எங்கூடப் பேசமாட்டா."

அவர் கிறுக்கிய காகிதத்தை மேகலை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள். நிழல் விழாதபடி விளக்கைத் திருப்பி வைத்தாள்.

டாக்டர் பேனாவைத் தொட்டார். எடுக்கவில்லை.

"எந்தக் கையால எழுதட்டும் குருவே? அவளை மாதிரியே, நொட்டாங்கையால எழுதட்டுமா?"

"தேய்ச்சது எந்தக் கைங்க, டாக்டர்?"