அல்லிமடுவில் விழுந்த முள்கோடு

அல்லிமடுவில் ஒரு வழக்கம் இருந்தது. தாகத்தோடு யார் வந்தாலும், கரையில் நிற்கிறவர் இரண்டடி ஒதுங்கி இடம் கொடுப்பார். வந்தவர் வயிறு நிறையக் குடிப்பார். குடித்ததும் அவரும் இரண்டடி ஒதுங்கிக்கொள்வார். மான் வந்தாலும் இப்படித்தான், மைனா வந்தாலும் இப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அந்த மடுவில் வட்டம்மா என்று ஓர் ஆமை இருந்தது. தை மாதம் கிழக்குக் கரை மணலில், நாவல் மரத்தடியில், ஏழு முட்டை இட்டு மூடிவிட்டு வந்தது. ஆடியில் முதல் மழை பெய்ததும் போய் மண்ணைக் கீறிவிட வேண்டும். மறுநாள் வெயில் ஏறிவிட்டால் மேல்மண் இறுகிப்போகும். உள்ளே பொரித்த குஞ்சுகள் வெளியே வர முடியாமல் வெந்து செத்துப்போகும். அதனால் வட்டம்மாவுக்கு ஒரு கண் எப்போதும் வானத்தில்தான்.

ஒருநாள் மலையிலிருந்து பெரும்பல்லன் என்ற காட்டுப்பன்றி இறங்கி வந்தது.

"தாகம் தொண்டையை அடைக்கிறது!" என்றது.

"குடியுங்கள் ஐயா!" என்று வட்டம்மா இரண்டடி ஒதுங்கியது.

பெரும்பல்லன் குடித்தது. குடித்துவிட்டு ஒதுங்கவில்லை! கரையோரக் கோரைப்புல்லை மூக்கால் கிளறியது. அடியில் கொத்துக் கொத்தாகக் கிழங்கு! பன்றிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஊறாதா பின்னே? மலையில் இருந்த கிழங்கையெல்லாம் பன்றிகளே தோண்டித் தின்று தீர்த்துவிட்டன.

மறுநாள் நாலு பன்றிகள் வந்தன. "தாகம்!" என்றன. வட்டம்மா இரண்டடி ஒதுங்கியது. அதற்கு மறுநாள் பத்து. மறுபடியும் இரண்டடி. வந்ததில் ஒன்றுகூட ஒதுங்கிப் போகவில்லை. 'பாவம், விருந்தாளிகளுக்கு இன்னும் தாகம் தீரவில்லை போலிருக்கிறது' என்று வட்டம்மா நினைத்தது. சரியான வெகுளி! வேறென்ன சொல்ல?

சேதி மலையின் மறுசரிவுக்கும் போனது. அங்கிருந்து முள்ளம்பன்றிகள் கிளம்பி வந்தன. அவற்றின் தலைவர் ஊசியார். அவர்களும் தங்கள் சரிவைத் தோண்டி முடித்தவர்கள்தான்.

"நான் தோண்டாவிட்டால் அந்த முள்ளன் தோண்டிவிடுவான்!" என்று பதறியது பெரும்பல்லன்.

"நான் எடுக்காவிட்டால் அந்தப் பல்லன் எடுத்துவிடுவான்!" என்று பதறினார் ஊசியார்.

இரண்டு பேருக்கும் பசியைவிட இந்தப் பயம்தான் பெரிது. ஆனால் அடித்துக்கொண்டால் பல்லும் கிழிக்கும், முள்ளும் குத்தும். அதனால் நாவல் மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். தண்ணீரும் மேற்குக் கரையும் பன்றிகளுக்கு. கிழக்கு மேடும் அதற்கப்பால் ஓடைக்கரையும் முள்ளம்பன்றிகளுக்கு. முள்ளம்பன்றிகள் முதுகை உலுக்கி முட்களை உதிர்த்து, கிழக்குக் கரை நெடுக நெருக்கமாக நட்டுவிட்டன. மடுவில் குடியிருக்கிற ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வட்டம்மா முள்வரிசை முன்னால் வந்து நின்று திருதிருவென்று விழித்தது.

"ஐயா, என் முட்டைகள் அந்தப் பக்கம் இருக்கின்றனவே!"

"அது ஊசியார் நாடு. நீ பன்றி நாட்டு ஆமை. அங்கே போகக்கூடாது!" என்றது பெரும்பல்லன்.

"நேற்றுவரை வெறும் ஆமையாகத்தானே இருந்தேன்?"

"அதுதான் உங்களுக்குக் குறை! இப்போது உங்களுக்கு ஒரு நாடு கிடைத்திருக்கிறது. சந்தோஷப்படுங்கள்!"

சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்று வட்டம்மாவுக்கு விளங்கவில்லை. "அப்படியானால் என் முட்டைகள் எந்த நாட்டு முட்டைகள்?" என்று கேட்டது. பெரும்பல்லன் கிழங்கு மென்றது.

பிறகு வேலை தொடங்கியது. "அல்லியைப் பிடுங்கு! பாசியைப் பிடுங்கு! எங்கே பார்த்தாலும் கோரையை நடு!" என்று உத்தரவு. வாத்து நட்டது, தவளை நட்டது, வட்டம்மாவும் வாயால் கவ்விக் கவ்வி நட்டது. அல்லி இலை போனதும் மீனுக்கு நிழல் போனது. பாசி போனதும் நத்தை போனது. தன் வாயாலேயே நட்ட கோரைக்கு நடுவில் வட்டம்மா பட்டினி கிடந்தது. 'இத்தனை விளைகிறதே, எனக்கு ஏன் வயிறு காய்கிறது?' என்று யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம்.

மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமே! மடுவில் நாமக்கோழியும் தாழைக்கோழியும் இருந்தன. இரண்டும் நீர்க்கோழிகள், பக்கத்துப் பக்கத்துக் கூடு, ஒரே அல்லி இலையில் உட்கார்ந்து பூச்சி தின்று வளர்ந்தவை. நாமக்கோழிக்கு நெற்றி வெள்ளை, தாழைக்கோழிக்கு நெற்றி சிவப்பு. அதை அதுவரை யாரும் உற்றுப் பார்த்ததுகூட இல்லை.

பெரும்பல்லன் உற்றுப் பார்த்தது. "வெள்ளை நெற்றி! அறிவின் அடையாளம்! நாமக்கோழியே, நீதான் இந்தக் கரைக்குக் காவல்!"

ஊசியார் விடுவாரா? "சிவப்பு நெற்றி! வீரத்தின் அடையாளம்! தாழைக்கோழியே, எங்கள் பக்கம் வா! நீதான் எங்கள் காவல்!"

நாமக்கோழி தண்ணீரில் தன் நெற்றியைப் பார்த்துக்கொண்டது. தாழைக்கோழியும் பார்த்துக்கொண்டது. அன்றோடு இரண்டுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போனது.

ஆனி முடிவதற்குள் மண் சத்தெல்லாம் போய்விட்டது. கிழங்கு சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்தது. இருந்த கொஞ்சத்துக்கு இரண்டு கூட்டமும் அடித்துக்கொண்டு புரண்டன. பன்றிகளின் உடம்பெல்லாம் முள், முள்ளம்பன்றிகளின் உடம்பெல்லாம் கிழிசல்.

அந்த நேரம் பார்த்து வட்டம்மா வாயிலிருந்த கோரையைத் துப்பியது. "இனிக் கோரை நட மாட்டேன்!" என்றது. தவளை துப்பியது. வாத்து துப்பியது. "நட மாட்டோம்! நட மாட்டோம்!" என்று மடுவே கத்தியது.

நட ஆளில்லை, தின்னக் கிழங்கில்லை. ஆடி பிறந்த அன்று இரண்டு கூட்டமும் நொண்டிக்கொண்டே மலையேறின. போகும்போதும் பெரும்பல்லன் வாய் ஓயவில்லை. "உங்களுக்கு விவசாயம் கற்றுக் கொடுத்ததே நாங்கள்தான்! மறந்துவிடாதீர்கள்!"

மடு கொண்டாடியது. மறுநாள் சாயங்காலம் முதல் மழையும் கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் வட்டம்மா கிழக்குக் கரைக்கு ஓடியது. ஆமை ஓடுமா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு ஓடியது!

முள்வரிசை அப்படியே நின்றது. இந்தப் பக்கம் நாமக்கோழி, அந்தப் பக்கம் தாழைக்கோழி.

"நில்! எல்லை தாண்டாதே!" என்றது நாமக்கோழி.

"தம்பி, அவர்கள்தான் போய்விட்டார்களே!"

"அவர்கள் போனால் என்ன அக்கா? எல்லை எங்களுடையது!"

"உள்ளே வந்தால் கொத்துவேன்!" என்றது தாழைக்கோழி. "அந்தக் கரைக்காரர்களை நம்பவே முடியாது!"

"நீயே அந்தக் கரையில் பிறந்தவன்தானேடா!" என்று வட்டம்மா அலறியது. "யாரோ நட்ட முள்ளுக்கு நீங்கள் ஏனடா காவல்?"

இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கே தெரிந்தால்தானே சொல்ல! வெயில் நாவல் மர உச்சியைத் தொட்டது. ஈர மணல் வெளுக்கத் தொடங்கியது.

வட்டம்மா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முட்களுக்குள் புகுந்தது. காலில் குத்தியது, கழுத்தில் குத்தியது. தாழைக்கோழி ஓட்டின்மேல் கொத்தியது. இரத்தம் ஒழுக ஒழுக மரத்தடிக்குப் போய் மண்ணைக் கீறியது. அதற்குள் மேல்மண் இறுகிப்போயிருந்தது. கீறிக் கீறி நகம் தேய்ந்தது.

ஏழில் மூன்றுதான் அசைந்தன. நாலு குஞ்சுகள் மண்ணுக்குள்ளேயே வெந்து கிடந்தன. வட்டம்மா அவற்றை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. "எழுந்திருங்கள் கண்ணுகளா, அவர்கள் போய்விட்டார்கள்" என்றது. வட்டம்மாவுக்கு அப்போதும் விளங்கவில்லை.

மூன்று குஞ்சுகளும் தண்ணீர் வாசம் பிடித்துத் தள்ளாடி நடந்தன. முள்வரிசைக்கு முன்னால் வந்து நின்றன. வாயைத் திறந்து திறந்து மூடின.

"அம்மா, தாகம்!" என்றது ஒன்று.

அந்த வார்த்தையைக் கேட்டதும் தாழைக்கோழியின் கால்கள் தாமாகவே இரண்டடி ஒதுங்கின. எதிரே நாமக்கோழியின் கால்களும் ஒதுங்கின. ஒதுங்கிய பிறகுதான் இரண்டும் அதைக் கவனித்தன. ஒன்றையொன்று பார்க்க வெட்கமாக இருந்தது.

நாமக்கோழி குனிந்து ஒரு முள்ளைப் பிடுங்கியது. தாழைக்கோழி அடுத்த முள்ளைப் பிடுங்கியது. குஞ்சுகள் நுழைகிற அளவுக்கு வழி கிடைத்தது. மூன்றும் தண்ணீரில் விழுந்து குடித்தன. வட்டம்மா அந்த இடைவெளியிலேயே நின்றுவிட்டது. முன்னால் மூன்று, பின்னால் நாலு. எந்தப் பக்கம் திரும்புவது என்று அதற்குத் தெரியவில்லை.

மிச்ச முட்கள் கரை நெடுக இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றாகத்தான் பிடுங்க வேண்டும்.

தாகமென்று வந்தவருக்கு இடம் கொடுப்பது நல்ல குணம்தான். ஆனால் குடித்தவர் திரும்ப ஒதுங்குகிறாரா என்று பார்க்காமல் இருந்துவிட்டால், அவர் போன பிறகும் அவர் நட்ட முள்ளுக்கு நாமே காவல் நின்று நம் பிள்ளைகளையே பலி கொடுக்க நேரிடும்.