எதிர்க் குழாய்

ஆவுடையப்பனுக்கு வயசு அம்பத்தி நாலு. தூத்துக்குடியில இருபத்தாறு வருசமா பல்லு பிடுங்குற டாக்டரு. அவருக்குக் குருவா வாய்ச்ச செண்பகவடிவு டாக்டருக்கு முப்பத்தெட்டு. அந்தம்மா இவரை அண்ணாச்சிம்பாங்க. இவரு டாக்டரம்மாம்பாரு. வியாழக்கிழமைதோறும் அவங்க ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு வித்தை கத்துக்க வந்தாரு. ஞானப்பல்லை எடுத்த குழியை, அந்த ஆளோட ரத்தத்தை வச்சே ஆத்துற வித்தை.

கேட்டா சுளுவுதான். கையில ஒரு குழாய் ரத்தம் எடுத்து, எடுத்த நிமிசமே சுத்துற மெசின்ல போடணும். சுத்தி நின்னா சிவப்பு அடியில தங்கும், தண்ணி மேல நிக்கும், நடுவுல மஞ்சளா ஒரு ஜவ்வு. அதை எடுத்துக் குழியில வைக்கணும். தாமதிச்சா ரத்தம் குழாயிலேயே கட்டியாயிரும்.

அன்னிக்கு நாற்காலிக்கு வந்தது மீன் ஏலம் கூவுற மிக்கேலம்மா. ஆவுடையப்பனைப் பார்த்ததும் எந்திரிச்சிருச்சு.

போன வருசம் அந்தம்மாவோட வலப்பக்கத்து ஞானப்பல்லை எடுத்தவரு இவருதான். குழி ஆறாம எலும்பு தெரிஞ்சு, பத்து நாள் வாயைத் திறக்க முடியல. வேற ஆளு ஏலம் கூவினான். வாய் திறந்த அன்னிக்கே மிக்கேலம்மா ஏலக்கூடத்துல நின்னு, 'எறும்பு கடிச்சாப்ல இருக்கும்மா'ன்னு இவரு மூக்கால பேசுற மாதிரியே பேசிக் காட்ட, கூடமே சிரிச்சுதாம். அது அவரு காது வரைக்கும் வந்துருச்சு.

செண்பகவடிவு சமாதானம் சொல்லி உக்கார வச்சாங்க. மீன்பிடித் தடைக்காலம் முடிய ஆறு நாள்தான் இருக்கு, மொத விசைப்படகு கரைக்கு வரும்போது எனக்குக் குரல் வேணும்னு அந்தம்மா கறாரா சொல்லிருச்சு.

இடப்பக்கத்துப் பல்லை டாக்டரம்மா எடுத்து, பஞ்சைக் கடிக்கச் சொல்லிட்டு, கை கழுவப் போனாங்க. ரத்தம் எடுக்குற வேலை அண்ணாச்சிக்கு.

மிக்கேலம்மா வாயில பஞ்சு. பதில் பேச முடியாது. ஒரு வருச ஆத்திரம் அவருக்கு அப்பத்தான் பொங்குச்சு. ஊசியைக் குத்திக்கிட்டே ஆரம்பிச்சாரு. துப்பாதேன்னு சொன்னேனா இல்லையா, மூணு நாள் கூவாதேன்னு சொன்னேனா இல்லையா, மறுநாளே போய்க் கூவிட்டுப் பழியை என் கை மேல போடுவீயளோ. சொல்லிக்கிட்டே குழாயை மெசின்ல சொருகி, மூடி, பொத்தானை அமுக்கினாரு.

மெசின் தடதடன்னு ஆடி, மேசையில நடக்க ஆரம்பிச்சுது.

ரத்தக் குழாய்க்கு நேர் எதிர்ல, அதே எடைக்கு ஒரு தண்ணிக் குழாய் வைக்கணும். வைக்கல. நிப்பாட்டித் திறக்குறதுக்குள்ள ரத்தம் மொத்தமும் கட்டி.

டாக்டரம்மா வந்து பார்த்தாங்க. புதுக் குழாய் ஒண்ணை எடுத்து வச்சாங்க. மிக்கேலம்மா வாயிலருந்து பஞ்சை எடுத்துச்சு.

"சொன்னேனா இல்லையா, சொன்னேனா இல்லையா, தடதடதட." குரல் அச்சு அசல். அப்புறம் மறு கையை நீட்டிச்சு. "இதுல குத்துங்க டாக்டரே. பஞ்சு மட்டும் இந்தத் தடவை உங்களுக்கு."

அவரு முகம் சுண்டிப்போச்சு. வாயே திறக்காம குத்தினாரு. தண்ணியை அளந்து எதிர்ல வச்சாரு. மெசின் பூனை மாதிரி சுத்துச்சு. மஞ்சள் ஜவ்வு வந்துச்சு. டாக்டரம்மா அதைக் குழியில வச்சுத் தையல் போட்டாங்க.

அடுத்த வியாழன், தையல் பிரிக்க மிக்கேலம்மா வந்துச்சு. முந்தின நாள்தான் மொத ஏலம். குரல் வாசல்லயே கேட்டுச்சு. டாக்டரம்மாவுக்கு ஒரு சீலா மீன். போகும்போது ஊசி குத்தின தன் கைக்கே ஒரு முத்தம் குடுத்துக்கிச்சு. ஆவுடையப்பன் பக்கம் திரும்பவே இல்ல.

வேற ஒருத்தரோட ரத்தம் அப்ப மெசின்ல சுத்திக்கிட்டு இருந்துச்சு. அவரு அது பக்கத்துல நின்னு குமுறினாரு.

"மீனு உங்களுக்கு. முத்தம் அவங்க ரத்தத்துக்கு. ஆத்துறது அதுதான்னா, இருபத்தாறு வருசமா நான் யாரு, டாக்டரம்மா?"

மெசின் நின்னுச்சு. செண்பகவடிவு மூடியைத் திறந்து, தண்ணிக் குழாயை எடுத்து அவரு கையில குடுத்தாங்க. வச்சப்ப இருந்த மாதிரியே இருந்துச்சு தண்ணி.

"இது என்ன செஞ்சுது, அண்ணாச்சி?"

"இதுவா? ஒண்ணும் செய்யல. சும்மா எதிர்ல சுத்துச்சு."

சொன்னவருக்கு, இது இல்லாம மெசின் மேசையில நடந்தது ஞாபகம் வந்துச்சு. குழாயை வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் தணிஞ்ச குரல்ல கேட்டாரு, "கொட்டிரவா?"

"வேண்டாம். அளவு சரியா இருக்கான்னு பாருங்க. அடுத்த ஆளு வந்தாச்சு."