வெண்காரியின் முதுகு

முன்னொரு காலத்தில் மலைக்கும் காட்டுக்கும் நடுவே குறும்பொறை என்று ஓர் ஊர் இருந்தது. மாடுகள்தான் அந்த ஊரின் செல்வம். வெண்காரி அதன் தலைவன்.

ஒரு விடியலில் பகைவர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு போனார்கள். வெண்காரியும் அவனுடைய காவலாள் மாதனும் குறுக்குவழியில் ஓடி, கணவாயில் அவர்களை மறித்தார்கள். அன்று மாலை மாடுகள் திரும்பின. அவற்றின் பின்னால் வெண்காரி மட்டும் வந்தான்.

"மாதன் எங்கே?" என்று ஊர் கேட்டது.

"ஓடிவிட்டான்."

நடந்தது வேறு. முதல் அம்பு காதருகே சீறியபோதே திரும்பி ஓடியவன் வெண்காரி. இரண்டாவது அம்பு அவன் முதுகில் பாய்ந்தது. அவன் புதருக்குள் விழுந்து கிடந்தான். மாதன் தனி ஒருவனாக நின்று கணவாயைக் காத்தான். பகைவர்கள் சிதறினார்கள். கடைசியாக எஞ்சிய பகைவனைக் கட்டிப் பிடித்தபடியே மாதன் கிடுகிடு பள்ளத்தில் விழுந்தான். அந்த ஆழத்தில் இறங்கி உடலைத் தேட யாராலும் முடியாது. இதையெல்லாம் வெண்காரி புதரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்பைப் பிடுங்கி எறிந்து, முதுகை மேல்துண்டால் மறைத்துக்கொண்டு மாடுகளை ஓட்டி வந்தான்.

ஊருக்குப் பொய் சொல்ல வேண்டும் என்று அவன் எண்ணியிருக்கவில்லை. கேள்வி வந்தது, வாய் திறந்தது, சொல் விழுந்துவிட்டது. விழுந்த சொல்லைப் பொறுக்கி எடுக்க ஒரு கணம் போதும். அந்தக் கணத்துக்குள் ஊர் அவனைத் தோளில் தூக்கிவிட்டது.

ஓடியவன் வீட்டு அடுப்புக்கு யாரும் நெருப்புத் தரக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். மாதனின் மனைவி வேம்பி பச்சைக் கிழங்கைத் தின்றாள். ஊருணியில் அவள் குடத்தை அமிழ்த்த ஊரார் விடவில்லை. "அவன் ஓடுகிற ஆள் இல்லை" என்பதைத் தவிர அவள் எவரிடமும் எதுவும் பேசவில்லை.

வெண்காரி பிறர் கண்முன் தோல் கவசத்தைக் கழற்றுவதே இல்லை. அம்பு துளைத்த இடத்தில் தானே ஓர் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தான். குளிப்பதற்கு ஆள் வராத மடுவுக்குப் போவான். அப்போதெல்லாம் கவசம் பெருமை பேசும்.

"என்னைப் போல் உனக்கு உற்றவன் உண்டா, தலைவா? நான் இருக்கும்வரை உன் மானத்துக்கு ஒரு குறையும் வராது."

கவசத்தின் அடியிலிருந்து புண் மெல்லக் கேட்கும்: "அது மானமா, மறைப்பா?"

"சீழ் பிடித்த வாயே, சும்மா கிட! நீதான் அவனுக்கு வந்த அவமானம்."

"நானா? நான் அவன் ஓடிய பிறகு வந்தவன். நடந்ததைச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான்."

வெண்காரி கவசத்தின் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கிக் கட்டுவான்.

இதற்கிடையில் ஊர், இதுவரை எவரும் செய்யாத ஒன்றைச் செய்யத் துணிந்தது. போரில் இறந்தவனுக்கு நடவேண்டிய கல்லை, உயிரோடு இருக்கும் வெண்காரிக்கு நட முடிவு செய்தது. அவ்வளவு பெரிய வீரம் சாவுவரை காத்திருக்கலாமா என்றார்கள். மலையில் கல் பார்த்து, பெயர்த்து, வழக்கப்படி ஏழு நாள் ஓடைநீரில் கிடத்தினார்கள்.

எட்டாம் நாள் காலையில் கயிறு கட்டி இழுத்தார்கள். கல் அசையவில்லை. இருபது பேர் இழுத்தார்கள், பிறகு நாற்பது பேர்.

"என்னடா, காலையில் கஞ்சி குடித்தீர்களா, காற்றைக் குடித்தீர்களா?" என்று கரையிலிருந்து ஒருத்தி கேலி செய்தாள்.

"நீ வந்து கயிற்றின் நுனியைத் தொட்டுப் பார், அத்தை. அப்புறம் பேசு!"

மீட்டு வந்த காளைகளையே பூட்டினார்கள். அவை தலையைத் தாழ்த்தி நின்றுவிட்டன.

ஊர்ப் பெரியவர் கொற்றனார் கல்லைச் சுற்றி வந்தார். "கல்லுக்கு ஏதோ மனக்குறை. இப்படி முரண்டு பிடித்தால் இறந்தவனின் மகனோ தம்பியோ வெற்று மார்போடு தழுவி அழைப்பார்கள். நமக்கு அந்தக் கவலை எதற்கு? கல்லுக்கு உரியவரே உயிரோடு நிற்கிறாரே! தலைவரே, இறங்கி வந்து கட்டிக்கொள்ளுங்கள்."

ஊர் ஆரவாரித்தது. வெண்காரி ஓடையில் இறங்கினான். கவசத்தோடே குனிந்து கல்லைத் தழுவினான்.

"இது மாட்டுத்தோல்" என்றது கல். அவனுக்கு மட்டும் கேட்டது. "மனிதன் எங்கே?"

வெண்காரி கல்லோடு வாயை ஒட்டி முணுமுணுத்தான். "என்னை விட்டுவிடு. எழுந்து வா. உனக்கு ஆண்டாண்டுக்கும் பூவும் நெய்யும் தருகிறேன்."

"நான் மலையில் இருந்தபோது பூ கேட்டேனா? என்னை எதற்கு வெட்டினீர்கள்? இங்கே ஒருவன் நின்றான் என்று சொல்லத்தானே? சொல், கணவாயில் யார் நின்றது?"

"அதைச் சொன்னால் நான் செத்தேன்."

"செத்தவர்களுக்குத்தான் கல்" என்றது கல்.

கவசம் பதறியது. "கேட்காதே, தலைவா! கல்லைத் தழுவினால் உன் மார்பு அதன் பக்கம் இருக்கும். முதுகு யார் பக்கம் இருக்கும் என்று யோசித்தாயா? ஊரே கரையில் நிற்கிறது!"

அந்த முதுகைப் பற்றித்தான் அவன் இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தான்.

தலையை நிமிர்த்தினான். எதிர்க்கரையில், மாடுகள் கலக்கிய நீரில், வேம்பி குடத்தை அமிழ்த்திக்கொண்டிருந்தாள். ஆரவாரத்துக்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கலங்கல் தெளியட்டும் என்று குடத்தின் வாயில் முந்தானையை மடித்துக் கட்டினாள்.

வெண்காரி வாரை அவிழ்த்தான்.

"ஐயோ, நான் யாருக்கு இனி?" என்று கவசம் அலறியது. அது ஓடையில் விழுந்து மிதந்து போனது. அவன் குனிந்து, வெற்று மார்பு குளிர்ந்த கல்லில் படும்படி, இரு கையாலும் அதைத் தழுவினான்.

கரையில் ஆரவாரம் நின்றது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர்களின் சிரிப்பு அப்படியே உறைந்தது. அத்தனை கண்களும் அவன் முதுகில் இருந்தன. தோள்பட்டைகளுக்கு நடுவே, ஓட்டைக்காசு அளவில், புண் வெயிலைப் பார்த்துத் திறந்திருந்தது. அது ஒரு சொல்லும் பேசவில்லை. பேசவேண்டியிருக்கவில்லை.

அப்போது கல் எழுந்தது. நாற்பது பேருக்கும் காளைகளுக்கும் அசையாத கல், தூங்கிய குழந்தை தோளுக்கு வருவதுபோல் அவன் கைகளில் எழுந்து வந்தது. கயிறுகள் தாமாகத் தொய்ந்து விழுந்தன. கல் கிடந்த பள்ளத்தை நிரப்ப ஓடை ஒரு கணம் தயங்கியது. கொற்றனார் இரு கைகளையும் தலைக்குமேல் குவித்தார். எதைக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஓடியவன் நான்" என்றான் வெண்காரி. "நின்றவன் மாதன். கல் அவனுடையது."

வேம்பி தண்ணீரைக் கடந்து வந்தாள். அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு முன்னால் வந்து முகத்தைப் பார்த்தாள்.

"விழும்போது அவர் முகம் எந்தப் பக்கம் இருந்தது?"

"பகைவன் பக்கம்."

"அவர் உன்னைக் கூப்பிட்டாரா?"

வெண்காரி கல்லைக் கீழே இறக்கினான். "கூப்பிட்டான். இரண்டு முறை."

அவள் கண்கள் நிறைந்தன. துடைக்கவில்லை. "எனக்கு நெருப்பு வேண்டும்" என்று மட்டும் சொன்னாள்.

வெண்காரி தன் வீட்டு அடுப்பிலிருந்து நெருப்புக் கங்குகளை ஓர் ஓட்டில் ஏந்தி, வெற்று முதுகோடு தெரு முழுவதும் நடந்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவனை ஏசவேண்டும் என்று வாசலில் வந்து நின்றவர்கள் பலர். ஏச ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவன் கடந்து போனபின் தத்தம் முதுகில் குளிர் ஊர்ந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டார்கள்.

மன்னிப்பு அவனுக்குக் கிடைத்ததா என்பதை வேம்பி கடைசிவரை சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

கல்லில் மாதனைச் செதுக்கினார்கள். மார்பை நிமிர்த்தி, வில்லை வளைத்து நிற்கிற உருவம். அதன் பக்கத்தில் இன்னொரு உருவத்தைச் செதுக்கச் சொன்னான் வெண்காரி.

கல்தச்சன் உளியைக் கீழே வைத்தான். "தலைவரே, முதுகைச் செதுக்கிய கல் எந்த நாட்டிலும் இல்லை."

"இங்கே இருக்கட்டும்."

குறும்பொறை அழிந்து காடாகிவிட்டது. கல் மட்டும் நிற்கிறது. போருக்கும் வழக்குக்கும் போகிறவர்கள் கூட்டமாக வருவார்கள், பறை முழக்குவார்கள், மாதனுக்கு மாலை சூட்டுவார்கள். மற்ற உருவத்துக்கு மாலை கிடையாது. அதனிடம் வருகிறவர்கள் தனியாக வருவார்கள். அக்கம்பக்கம் பார்ப்பார்கள். உள்ளங்கையை அந்த முதுகில் வைத்துச் சற்று நேரம் நிற்பார்கள்.

மாதனின் மார்பில் உளியின் தடம் இன்றும் கூர்மையாக இருக்கிறது. வெண்காரியின் முதுகிலுள்ள குழி, கை பட்டுப் பட்டு, வழுவழுப்பாகிவிட்டது.