கேட்டால் கொடுத்துவிட வேண்டும்

சுண்டங்குளத்தில் மாசிலாமணியும் அவர் மச்சான்மார் மூன்று பேரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கென்று ஆண்டவன் அளந்து கொடுத்த அறிவை நான்கு பேரும் சண்டை சச்சரவில்லாமல் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதனால்தான் ஒருவருக்கும் போதவில்லை.

மாசிலாமணிக்கு வடிவு ஒரே மகள். ஆவணியில் ஒரே ஒரு முகூர்த்தம்தான் அவளுக்குத் தோதுப்பட்டது. அதை விட்டால் மாப்பிள்ளை வெளிநாடு போய்விடுவார். டவுன் மண்டபத்துக்காரர்களோ இன்டர்நெட்டில்தான் தேதி கொடுப்பார்கள். மண்டபம் கிடைக்காமல் கல்யாணம் நின்றுவிடுமோ என்று மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

நான்கு பேரும் பார்க்காமல் அந்த வீட்டில் ஒரு புடவைகூட எடுத்ததில்லை. இது மாப்பிள்ளை கதிரேசனுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர் அல்லவா, ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாமனார் வீட்டில் வைத்தார்.

"மாமா, இதுக்குள்ள கன்டெய்னர்னு ஒரு தனிப் பெட்டி மாதிரி வச்சிருக்கேன். அதுக்குள்ள இன்டர்நெட் பாக்கற பிரவுசர் ஒண்ணு ஓடுது. அவங்கவங்க வீட்டுல இருந்தே போன்ல எல்லாரும் அதைப் பாக்கலாம். அதுல டைப் அடிக்கிற கன்ட்ரோல் மட்டும் ஒரு நேரத்துல ஒருத்தர்கிட்டதான். வேற யாராவது கேட்டா குடுத்துருங்க. சிக்கிக்கிட்டா ரீஸ்டார்ட் பண்ணுங்க, எல்லாம் அழிஞ்சு புதுசா வரும். உள்ள நடக்கிறது எதுவும் வெளிய வராது, பயப்படாதீங்க."

நான்கு பேரும் ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டுக்கொண்டார்கள்.

மண்டபத்துக்காரர்கள் தேதி கொடுக்கும் நாள் காலையில் மச்சான்மார் மாசிலாமணி வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் மண்டபத்து இன்டர்நெட் பக்கம் திறந்ததும் கையைக்கூடக் கழுவாமல் அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். மாசிலாமணி கன்ட்ரோலை வாங்கி 'வடிவு' என்று அடித்தார். பெரிய மச்சான் உச்சிமாகாளி மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"அத்தான், கன்ட்ரோல எங்கிட்டக் குடுங்க."

"போன்லயே கேக்கறதுக்குப் பட்டன் இருக்காமே மச்சான்?"

"நல்லாருக்கே! பொண்ணோட தாய்மாமன் பட்டன அமுக்கியா கேப்பான்?"

கேட்டது நியாயம். கேட்டால் கொடுக்கவும் வேண்டும். வெறுங்கையால் கொடுப்பது மரியாதையா? மாசிலாமணி தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கன்ட்ரோலைக் கொடுத்தார். உச்சிமாகாளி தட்டோடு வீட்டுக்கு ஓடினார். அங்கே போய்ச் சேர்வதற்குள் நடு மச்சான் நல்லபெருமாள் வாசலில் நின்று கேட்டார். அவரிடம் கடைசி மச்சான் பேச்சிமுத்து கேட்டார். பேச்சிமுத்துவிடம் மாசிலாமணி தட்டோடு போனார். இப்படியே தட்டு ஊரைச் சுற்றிவந்ததில் மண்டபத்துப் பக்கம் காத்திருந்து சலித்துச் சிக்கிக்கொண்டது.

எல்லாரும் மாசிலாமணி வீட்டில் கூடி ரீஸ்டார்ட் செய்தார்கள். அடித்ததெல்லாம் அழிந்து பளிச்சென்று புதிதாக வந்தது.

"என்ன அழகு!" என்றார் நல்லபெருமாள். "இன்னொரு தரம் பண்ணுங்க அத்தான்." அவர் கேட்டதால் இன்னொரு தரமும் செய்தார்கள்.

அதற்குள் மண்டபத்துத் தேதிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த ஆவணி முகூர்த்தம் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. மாசிலாமணி அழுதேவிட்டார்.

"மச்சான்மாரே, எம் பொண்ணு வாழ்க்கைய்யா! கொஞ்ச நேரம் யாரும் கேக்காம இருங்களேன்."

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"வாய் சும்மா இருந்தா கேக்கத்தான் செய்யும்," என்றார் உச்சிமாகாளி.

"வாய்க்கு வேல குடுத்துருவோம்," என்றார் பேச்சிமுத்து.

தட்டிலிருந்த வெற்றிலை மொத்தத்தையும் மூன்று வாயிலும் அடைத்துக்கொண்டார்கள். மாசிலாமணி விவரமெல்லாம் அடித்து முடித்தார். 'மண்டபம் உங்களுக்கு உறுதி' என்று திரையில் வந்தது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு மண்டபம் கிடைத்த சேதியைச் சொன்னார். அவரும் சந்தோஷப்பட்டார்.

அப்போதுதான் வெற்றிலையைத் துப்பிவிட்டு நல்லபெருமாள் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அத்தான், மண்டபத்த எங்க வச்சு வாங்கினோம்?"

"பெட்டிக்குள்ள."

"உள்ள நடக்கிறது வெளிய வராதுன்னாரே மாப்பிள்ளை?"

வெகுநேரம் விவாதித்தார்கள். மண்டபம் வெளியே வராதென்றால் கல்யாணம்தான் உள்ளே போகவேண்டும் என்று முடிவாயிற்று. யாரும் ரீஸ்டார்ட் செய்து மண்டபத்தை அழித்துவிடக்கூடாதென்று பேச்சிமுத்து கல்யாணம் வரைக்கும் பிளக்கைப் பிடித்தபடியே தூங்கினார்.

முகூர்த்த நாளன்று டவுன் மண்டபத்தில் மேளக்காரர்களோடு கதிரேசன் காத்திருந்தார். பெண் வீட்டார் ஒருவரையும் காணோம். போன் செய்தார்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"மண்டபத்துலதான் மாப்பிள்ளை, எல்லாரும் உள்ள இருக்கோம். பொண்ணு மாலையோட கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கா. தாலி, கன்ட்ரோல் இருக்கிற ஆளுகிட்டதான இருக்கணும்? உச்சிமாகாளி மச்சான் வச்சிருக்காரு. நீங்க கேட்டா குடுத்துருவாரு. ஆனா தட்டோட நேர்ல வந்து கேட்டாத்தான் மரியாதை."

கதிரேசன் தலையிலடித்துக்கொண்டு, வெற்றிலைத் தட்டோடு மாமனார் வீட்டுக்கு ஆட்டோவில் பறந்து வந்தார். முகூர்த்தம் முடியச் சற்று நேரமே இருந்தது. வடிவு முறைத்துக்கொண்டிருந்தாள். கதிரேசன் கேட்டார். உச்சிமாகாளி தாலியைக் கொடுத்தார். மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதிரேசன் குனிந்து தாலியை வடிவின் கழுத்தருகே கொண்டுபோனார்.

நல்லபெருமாள், எதுவும் கேட்காமலிருக்க மறுபடி வாயில் அடைத்திருந்த வெற்றிலையை மெல்ல விழுங்கினார்.

"மாப்பிள்ளை," என்றார் பணிவாக, "அத எங்கிட்டக் கொஞ்சம் குடுங்களேன்."