வீரனுக்கு நாலு கால்

ஒரு தேசத்தில் வடக்கும் தெற்கும் பங்காளிச் சண்டையைப் பீரங்கி வைத்துப் போட்டுக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு போட்டோ ஸ்டுடியோவில், படம் பிடிக்க வரும் சிப்பாய்களுக்கு இரவல் கொடுப்பதற்கென்றே ஒரு வாள் ஆணியில் தொங்கியது. இரவல் நகை போட்டவளுக்குத்தான் கழுத்து நிமிரும். இங்கே நகைக்கே நிமிர்ந்திருந்தது.

"இந்த யுத்தத்தில் என்னைத் தொடாத வீரன் கிடையாது," என்றது வாள்.

"நீ வாசலைத் தாண்டியிருக்கிறாயா?" என்று கேட்டது மூலையில் நின்ற இரும்புத் தாங்கி. "ஒரு வெங்காயம் நறுக்கியிருக்கிறாயா? போன மாசம் வடக்கத்தியான் இடுப்பு, இந்த மாசம் தெற்கத்தியான் இடுப்பு. பேச்சைப் பார்."

அந்தக் காலத்தில் தகட்டில் படம் பதிய நேரம் பிடிக்கும்; அதுவரை ஆள் ஆடக்கூடாது. பின்னால் நின்று பிடரியைக் கவ்விக்கொள்வது தாங்கியின் வேலை.

அன்று சைலஸ் என்ற பையன் வந்தான். பட்டாளம் கிளம்பப் போகிறது; பயமில்லாத முகமாக ஒரு படம் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். தாங்கியைப் பார்த்ததும் முகம் சுளித்தான். "பிடித்து நிறுத்த நான் என்ன கைக்குழந்தையா?"

"அப்படிக் கேள்," என்றது அவன் இடுப்பில் ஏறிக்கொண்ட வாள்.

முதல் தகட்டில் முகத்துக்குப் பதில் புகை. இரண்டாவதில் இரண்டு மூக்கு. பையன் அவ்வளவு நடுங்கினான். வெளியே முரசு கேட்டது. இன்னும் ஒரே ஒரு தகட்டுக்குத்தான் நேரம்.

"என்னை இறுக்கிப் பிடி, தைரியம் தானாக வரும்," என்றது வாள். அதுவே உறைக்குள் கொதிக்கிற பானை மூடி மாதிரி தடதடத்துக்கொண்டிருந்தது.

போட்டோக்காரர் அவனைக் கேட்காமலே தாங்கியை நகர்த்தி வைத்தார். இரண்டு இரும்பு விரல்கள் பிடரியைப் பிடித்தன.

"நான் இருக்கேன், ஆடாதே தம்பி," என்றது தாங்கி.

படம் பளிச்சென்று விழுந்தது. ஆனால் பூட்ஸுக்குப் பின்னால் தாங்கியின் இரண்டு கால்களும் விழுந்திருந்தன.

"காலை மடக்கத் தெரியாதா உனக்கு?" என்று வாள் சீறியது. "வீரனுக்கு நாலு கால் என்று ஊர் சிரிக்கும்."

"மடக்கினால் யார் அவனைத் தாங்குவது? நீயா?"

போட்டோக்காரர் படத்திலிருந்து அந்தக் கால்களைச் சுரண்டி எடுக்க ஊசியைத் தேடினார். மறுபடி முரசு. சைலஸ் வாளை மேசைமேல் போட்டுவிட்டு, படத்தோடு ஓடினான்.

படம் அம்மாவின் கைக்கு வந்தது. வாளை அவள் பார்க்கவே இல்லை. ரொட்டி நறுக்கச் சொன்னாலே விரலை நறுக்கிக்கொள்கிறவன் அவன்.

"சோறு போட்டால்கூட ஒரு இடத்தில் நிற்காதே இது," என்று முகத்தையே பார்த்தாள். பிறகு பூட்ஸ் பக்கம் பார்வை இறங்கியது. அந்த இரும்புக் கால்கள்மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"அவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொண்டாயே," என்றாள். "கூடவே போயிருக்கக் கூடாதா?"