பொரியப்பன் கட்டிய தொங்குபலகை

ஒரு காட்டில் பொரியப்பன் என்றொரு குரங்கு இருந்தான். காட்டில் இருந்தான் என்று பேர்தானே ஒழிய, பொழுதெல்லாம் கழிந்தது மலைப்பாதை ஓரத்தில்தான். வண்டியில் போகிறவர்கள் வீசும் பொரியும் முறுக்கும் தின்று தின்று வயிறு பானையாகிவிட்டது. மரம் ஏறி வெகுநாளானதால் விரல்களில் வலுவே இல்லை.

அந்தக் காட்டுக் குரங்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தின் முதல் இடி கேட்டதும், செங்குத்துப் பாறை ஒன்றைக் கடந்து அந்தப் பக்கத்துக் குகைக்குப் போய்விடுவார்கள். பாறையின் குறுக்கே மெல்லிய விளிம்பு ஒன்று ஓடும். அதில் விரல் நுனியை மாட்டித் தொங்கிக்கொண்டே போக வேண்டும். முடியாதவர் இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். நிற்பவரைத் தேடிச் சிறுத்தை வரும்.

போன வருஷம் பொரியப்பனைத் தலைவர் கடுவனார் முதுகில் சுமந்து போனார். "இந்த வருஷம் என்னால ஆகாதப்பா, இடுப்பு ஒடிஞ்சிடும்" என்று முன்கூட்டியே கையை விரித்துவிட்டார்.

பொரியப்பனின் ஒரே தோழி கீச்சி என்ற அணில். அவளுக்குக் கவலை வந்துவிட்டது.

"என்ன செய்யப் போறே, பொரியப்பா?"

"பயிற்சி செய்யப் போறேன்! பார்த்துக்கிட்டே இரு" என்றான் அவன்.

வண்டியிலிருந்து விழுந்த தடித்த பலகை ஒன்றை இழுத்து வந்தான். கால் தரையில் படாத உயரத்தில், நாவல் மரக் கிளையில் அதைக் கொடியால் இறுக்கிக் கட்டினான். மரங்கொத்தியைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இதுல வரிசையா குழி கொத்திக் கொடுங்க. விரலை மாட்டித் தொங்கித் தொங்கி உரம் ஏத்தப் போறேன்."

மரங்கொத்தி விரல் நுனி அளவுக்குக் கொத்திக் கொடுத்தது. பொரியப்பன் தொங்கினான். தொப்பென்று விழுந்தான்.

"ஐயோ, இடுப்பு போச்சே! அண்ணே, இன்னும் கொஞ்சம் ஆழமா கொத்துங்க."

கொத்தியது.

"இன்னும் கொஞ்சம்..."

கடைசியில் முழுக் கையும் உள்ளே போனது. "இது குழியா, பொந்தாடா? நானே குடிவந்துடுவேன் போலிருக்கே!" என்று திட்டிக்கொண்டே மரங்கொத்தி பறந்துபோனது.

பொரியப்பனோ மணிக்கட்டு வரை நுழைத்துக்கொண்டு ஜம்மென்று தொங்கினான். தொங்கியபடியே ஒரு கொட்டாவியும் விட்டான்.

"பாறை விளிம்பு இப்படியா இருக்கும்?" என்றாள் கீச்சி.

"போடி! நகத்தால ஏறுறவளுக்கு விரல் வித்தை என்ன தெரியும்?"

கீச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மடையனைச் சிறுத்தை தின்றுவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கண்ணைத் துடைத்துக்கொண்டவளுக்கு ஒரு குறும்பு தோன்றியது.

மதியம் பொரியப்பன் குறட்டை விடும் நேரம். கீச்சி வேங்கை மரத்துப் பிசினில் மரத்தூளைக் குழைத்தாள். எல்லாக் குழிக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சம் அப்பினாள்.

"அடிப்பாவி! என் வேலையைக் கெடுக்கிறியே!" என்றது அந்தப் பக்கம் வந்த மரங்கொத்தி.

"சத்தம் போடாதீங்க அண்ணே. சொன்னாக் கேட்கிற ஜென்மமா அது?"

பிசின் காய்ந்து கல்லானது. மறுநாள் பொரியப்பன் முகத்தைச் சுளித்தான்.

"கீச்சி, குழிக்குள்ள கை முழுசாப் போக மாட்டேங்குதே?"

"பின்னே? பலம் ஏறி உன் கை பருத்துப்போச்சு!"

"அப்படியா!" பொரியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டம் முழுவதுக்கும் கையைக் காட்டிப் பீற்றிக்கொண்டான். பீற்றிக்கொண்ட பிறகு கீழே குதித்தால் மானம் போகாதா? பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினான். ஓய்வெடுத்தான். மறுபடி தொங்கினான்.

கீச்சியும் விடவில்லை. தினமும் ஒரு பூச்சு. குழிக்குள் முதலில் உள்ளங்கை வரை போனது, பிறகு விரல் மட்டும் போனது, கடைசியில் விரல் நுனி மட்டுமே போனது. அவனும் தினமும், "இன்னிக்கும் பருத்துட்டேன்!" என்று மார்தட்டினான்.

ஒருநாள் வானம் இருண்டது. இடி இடித்தது.

குரங்குகள் ஒவ்வொன்றாகப் பாறையைக் கடந்தன. கடைசியாகப் பொரியப்பன் விளிம்பில் விரலை மாட்டினான். அந்த நேரம் பார்த்துப் புதருக்குள்ளிருந்து சிறுத்தை பாய்ந்து வந்தது.

கீச்சி பாறையோர மரத்தின் கிளை நுனிக்கு ஓடினாள். "போ, பொரியப்பா! போ!" என்று கத்தினாள்.

பாதி வழியில் அவனுடைய இடக்கை வழுக்கியது. வலக்கையின் விரல் நுனியில் அந்தப் பானை வயிறு முழுவதும் தொங்கியது. கீச்சி கண்ணை மூடிக்கொண்டாள். சிறுத்தை எம்பியது, அதன் நகத்தில் நாலைந்து வால்மயிர்தான் சிக்கியது. பொரியப்பனின் விரல்கள் விடவில்லை. இடக்கையை மறுபடி மாட்டினான், நகர்ந்தான், நகர்ந்தான், அந்தப் பக்கம் போயே சேர்ந்துவிட்டான்!

மூச்சு வந்ததும் அங்கிருந்தே கத்தினான்:

"கீச்சி! இந்தப் பாறையில யாரோ விளிம்பைக் கொத்திப் பெரிசாக்கி வச்சிருக்காங்கடி! கேள்விப்பட்ட அளவுக்கு ஒண்ணும் கஷ்டமாவே இல்லையே!"

கீச்சி சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து விழப் பார்த்தாள்.

"ஆமாம் பொரியப்பா, நானும் பார்த்தேன்!" என்றாள்.

நீதி: பயிற்சி கடினமாக இருந்தால்தான் காரியம் சுலபமாகும்.