மேலே ஒன்று, கீழே ஒன்று

முன்னொரு காலத்திலே, மேகம் இறங்கிவந்து கூரைமேல் படுத்துக்கொள்ளும் மலையூர் ஒன்றிலே, ஏலக்காய் வணிகர் ஒருவர் வீடு கட்டினாராம். நடுவிலே அடுப்பறை, அதைச் சுற்றி மூன்று அறைகள். வீட்டுக்கே அந்த ஓர் அடுப்புத்தான். அதனால் அடுப்பறையை ஒட்டிய ஒவ்வோர் அறைச் சுவரிலும் இரண்டு துவாரம் விட்டார். தலைக்கு மேலே ஒன்று, தரையோடு ஒன்று. அடுப்பு எரிந்தால் போதும், மூன்று அறையும் கோழிச் சிறகுக்கு அடியில் இருப்பதுபோல் கதகதவென்றிருக்கும்.

வணிகர் காலமானார். பிள்ளைகள் இருவரும் மூட்டைகளோடு கீழ்நாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் மூன்று பெண்கள்: மாமியார் அங்கம்மாள், மூத்த மருமகள் தேனம்மை, இளையவள் குழலி. குழலிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

தீட்டுக் கழியும்வரை பிள்ளை பெற்றவள் அடுப்பறையை மிதிக்கக் கூடாது, பிள்ளையும் அப்படியே. பச்சைக் குழந்தைக்குப் புகை ஆகாதென்று நெருப்புச் சட்டியும் வைப்பதில்லை. வடக்கறையில் தாயும் சேயும் சுவர்வழி வரும் சூட்டை நம்பிக் கிடந்தார்கள்.

அடுப்பு தேனம்மையின் பொறுப்பு. அவள் உட்காருமிடத்துக்கு நேரே வடக்கறையின் கீழ்த் துவாரம். அதன் வழியே சில்லென்று காற்று வந்து அவள் பாதத்தை நக்கும்.

"வேகுறது நான். சூட்டையெல்லாம் மேல் ஓட்டைவழி அவளுக்கு அனுப்புறேன். அவ குளிரை நான் ஏன் காலிலே வாங்கணும்?" என்று முணுமுணுத்து, ஒரு கந்தலை எடுத்து அடைத்தாள்.

மறுநாள் சுவருக்கு அப்பாலிருந்து குழலி கூப்பிட்டாள். "அக்கா, கொஞ்சம் குளிருது."

"ரெண்டு கட்டை கூட வைக்கிறேன்டி."

வைத்தாள். கந்தலைத் தாண்டியும் குளிர் கசிந்தது. வைக்கோலைத் திணித்தாள்.

அடுத்த நாள், "அக்கா, ரொம்பக் குளிருது."

"காட்டையே கொளுத்தணுமாடி? மகாராணிக்குச் சூடு பத்தலையாம்!"

விறகை அள்ளிப் போட்டாள். வைக்கோல்மேல் களிமண்ணை அப்பி, வழவழவென்று மெழுகியும் விட்டாள்.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்தது. அடுப்பறை கொதித்தது; தேனம்மைக்கு மூச்சு முட்டியது. வடக்கறையில் சத்தமே இல்லை.

"ஏண்டி குழலி, இப்பப் போதுமா?"

பதில் இல்லை.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பாழுங்கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோலிருந்தது. இருந்த துணியையெல்லாம் பிள்ளைமேல் சுற்றிவிட்டு, குழலி பல் கிட்டிக் கிடந்தாள். தேனம்மை பிள்ளையைத் தொட்டாள். ஆற்றுக் கூழாங்கல். உதடு நாவற்பழ நிறம். அழுகையும் இல்லை.

அள்ளித் தன் மார்போடு ஒட்டிக்கொண்டாள். "இம்புட்டு எரிச்சேனே, சூடெல்லாம் எங்கேடி போச்சு?"

"தெரியலைக்கா," குழலிக்கு வாய் குழறியது. "முன்னெல்லாம் இங்க இருக்கிற குளிரு தரையோட தவழ்ந்து உங்க பக்கம் போயிடும். அது போகப் போகத்தான் மேலேருந்து சூடு இறங்கும். இப்ப அது போகவே மாட்டேங்குது."

தேனம்மை தன் நகக்கண்ணில் காய்ந்திருந்த களிமண்ணைப் பார்த்தாள். பிறகு வீடே அதிரக் கத்தினாள்.

"அத்தை! கீழ்த் துவாரத்தை இடிங்க அத்தை!"

அடுப்பறையில் உலக்கை இடித்தது. மண் உதிர்ந்தது, வைக்கோல் வந்தது, கந்தல் வந்தது. ஓட்டையில் அங்கம்மாளின் முகம் தெரிந்தது.

"யாரு செஞ்ச வேலை இது?"

"நான்தான் அத்தை. காலுக்குக் குளிருச்சு."

 அங்கம்மாளின் முகத்தில் மோதிக்கொண்டு குளிர் மடை திறந்தாற்போல் அடுப்பறைக்குள் போயிற்று. மேலிருந்து சூடு மெல்ல மெல்ல இறங்கியது.

வெகுநேரம் கழித்துத் தேனம்மையின் மார்புக்குள் ஓர் அசைவு. பூனைக்குட்டிபோல் ஒரு சிணுங்கல். பிறகு, ஊருக்கே கேட்கும்படி ஓர் அழுகை.

அன்றிலிருந்து தேனம்மை அதே இடத்தில், அந்தக் காற்றிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். முதல் நாள் அங்கம்மாள் ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவள் பாதத்தில் போர்த்தினாள். 

பிறர் குளிரில் ஒரு பங்கை ஏற்காதவர், எவ்வளவு விறகு எரித்தாலும் பிறருக்குச் சூடு தர முடியாது.